முத்திரை இல்லாத படை

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பது பெரியவர்கள் வாக்கு. உண்மை சொன்ன வாய்க்கு என்ன கிடைக்கும் என்று அவர்கள் சொல்லிவைக்கவில்லை. வல்தெசேர்னா ஊர் செஃபெரினோவைக் கேட்டால் தெரியும். அவன் ஒரு விண்ணப்பத்தில் ஒரே ஒரு உண்மையை எழுதினான். அந்தக் கோடையில் அவன் மாடுகளுக்குத் தண்ணீர் இல்லாமல் போயிற்று.

விஷயம் சின்னதுதான். பெனாலோ மேட்டில் ஒரு ஊற்று. ஊற்றிலிருந்து இருபது தப்படி தள்ளி மாட்டுத் தொட்டி. இரண்டுக்கும் நடுவே மண்ணுக்குள் ஒரு குழாய். போன குளிர்காலத்து உறைபனியில் அந்தக் குழாய் வெடித்துவிட்டது. ஒரு முழ ஆழம் தோண்டிப் புதுக் குழாயைப் போட்டு மூட வேண்டும். செஃபெரினோவும் அவன் மனைவி விசியும் சேர்ந்து இறங்கினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்துவிடுகிற வேலை.

முடியாவிட்டால்தான் பெரிய விஷயம். ஜூன் முதல் அக்டோபர் வரை மாடுகள் மேட்டில் மேய்ந்தால்தான் கீழே ஊர்ப்புல்வெளியில் புல் வளரும். அதை அறுத்துக் காயவைத்தால்தான் பனிக்காலத்துக்குத் தீவனம். கோடையிலேயே மாடுகள் கீழே இறங்கிவிட்டால் அந்தப் புல் அப்போதே தீர்ந்துபோகும். பிறகு மாட்டை விற்பதைத் தவிர வேறு வழி இல்லை. செஃபெரினோவிடம் பத்தொன்பது துதான்கா மாடுகள் இருந்தன. சாம்பல் உடம்பு, நீளக் கொம்பு, பாறையில் ஏறுவதற்கென்றே பிறந்த சாதி. அவனுக்கும் விசிக்கும் பிள்ளை இல்லை. மனதில் வைத்திருந்த நல்ல பெயர்களையெல்லாம் மாடுகளுக்கே வைத்துவிட்டார்கள்.

முன்பெல்லாம் மேட்டில் தோண்ட யாரையும் கேட்க வேண்டாம். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தில், மேட்டின் உச்சியில் நாலு பக்கமும் வரப்பு கட்டின மாதிரி ஒரு சதுரம் தெரிந்தது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஊர்க்காரர்களின் முன்னோரான கந்தாப்ரிய மலைக்காரர்களை அடக்க வந்த ரோமாபுரிப் படை தங்கின முகாம் அது என்றார்கள். ஊர்க்காரர்களுக்கு அந்த வரப்பு ஏற்கெனவே தெரியும். காற்று அடிக்கும்போது கன்றுகளை அதன் மறைவில்தான் நிறுத்துவார்கள். ஆனால் கன்று நிற்கிற இடத்துக்கு வரலாறு கிடையாது. படை நின்ற இடத்துக்கு உண்டு. உடனே நகரத்தில் 'பண்டைய மலைப்போர் நினைவுகளுக்கான உயர் இயக்ககம்' என்று ஒன்று முளைத்தது. மூன்று மாடிக் கட்டடம்.

அந்த இயக்ககத்தின் விண்ணப்பத்தில் முப்பத்தோராவது கேள்வி: 'மேற்படி நிலத்தில் பழம்பொருள் எதையேனும் கண்டதுண்டா?' வல்தெசேர்னாவில் எல்லோரும் அதற்கு 'இல்லை' என்றுதான் எழுதுவார்கள். ஞானஸ்நானம் மாதிரி, யாரும் யோசித்துச் செய்வதில்லை. செஃபெரினோ யோசித்தான். யோசித்து இப்படி எழுதினான்: 'ஆம். ஒரு இரும்பு முளை. பதினைந்து வருஷமாக அதில்தான் கன்றைக் கட்டுகிறேன். உறுதியாக இருக்கிறது.'

விண்ணப்பம் தபாலில் போன பிறகுதான் விசிக்குத் தெரிந்தது.

"ஏ மனுஷா, உன்னை யாரு உண்மை எழுதச் சொன்னா? பாதிரியார்கிட்ட பாவமன்னிப்புக்குப் போனாக்கூட நீ பாதியத்தான் சொல்லுவ!"

"கேட்டிருந்தாங்க, எழுதினேன்."

"கேக்குறவங்களுக்கெல்லாம் பதில் சொல்லணும்னு சட்டமா?"

பதினோராம் நாள் மூன்று வண்டிகள் மேட்டுக்கு ஏறி வந்தன. முதல் வண்டியிலிருந்து இறங்கியவர் இயக்ககத்தின் உயர் இயக்குநர் டோன் லெயாந்த்ரோ. கழுத்தில் பட்டுத்துணி, காலில் அதுவரை மண்ணே படாத மலை பூட்ஸ். கன்றை அவிழ்த்துவிட்டு, முளைக்கு முன்னால் மண்டியிட்டார். அவர் கண் கலங்கியது. பொய்யில்லை, நிஜமாகவே கலங்கியது.

"கூடார முளை," என்றார். "ஒரு ரோம வீரன் இதை அடிச்சிருக்கான். தன் கையால."

"ஐயா, நான் எழுதினது குழாய் விஷயமா..." என்று ஆரம்பித்தான் செஃபெரினோ.

"குழாய்க்கு இப்ப அனுமதி குடுக்க முடியாது. நிலம் பாதுகாக்கப்பட்டதாச்சே."

"எப்பலேர்ந்துங்க?"

"இப்பலேர்ந்து. நீங்கதானே கண்டுபிடிச்சுக் குடுத்தீங்க."

"மாட்டுக்குத் தண்ணி வேணுமே ஐயா."

டோன் லெயாந்த்ரோ எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "உங்க கன்னுக்குட்டிக்கு வயசு எத்தனை?"

"எட்டு மாசம்."

"முளைக்கு ரெண்டாயிரம் வருஷம். யாருக்கு முன்னுரிமைன்னு நீங்களே சொல்லுங்க."

ஒரு வாரத்தில் மேட்டில் கூடாரங்கள் எழுந்தன. காற்று குறைவான இடம் என்பதால் பழைய வரப்புச் சதுரத்துக்குள்ளேயே வரிசையாக அடித்தார்கள். நாலு மூலையிலும் காவலுக்கு ஆள் போட்டார்கள். ஒரு பக்கம் சமையல், ஒரு பக்கம் கக்கூஸ். தோண்டி எடுக்கிற பொருள்களைக் கழுவத் தண்ணீர் வேண்டும் அல்லவா? மாடோ வாளியோ நெருங்காதபடி ஊற்றைச் சுற்றி வேலி போட்டு, அதிலிருந்து கூடாரத்துக்கு ஒரு குழாய் இழுத்தார்கள். அதற்கு மண்ணைத் தோண்டினார்கள். இருபது தப்படி இல்லை, அறுபது தப்படி. 'அவசர அறிவியல் தேவை' என்ற பிரிவில் அனுமதி அன்றைக்கே கிடைத்துவிட்டது. அனுமதி கொடுக்க வேண்டியவர் டோன் லெயாந்த்ரோ. கேட்டவரும் அவரே.

தோண்டுகிற வேலைக்கு இட்சியார் என்று ஒரு பெண் பொறுப்பு. படித்தவள், நல்லவள். வருஷத்துக்கு ஒரு முறை வேலை நீட்டிப்புக்காக டோன் லெயாந்த்ரோவின் கையெழுத்தை எதிர்பார்க்கிறவள். ஆகவே அவளுடைய நல்லதனம் செப்டம்பருக்கு செப்டம்பர் புதுப்பிக்கப்பட வேண்டியதாக இருந்தது.

"ஏம்மா, தோண்டத்தானே கூடாது? நீல ரப்பர் குழாயைப் புல்லு மேலயே போட்டுக்கிறேனே," என்று அவளிடம் கேட்டான் செஃபெரினோ.

அவள் டோன் லெயாந்த்ரோவிடம் கேட்டுவிட்டு வந்து சொன்னாள். "நீலக் குழாய் பார்வைக்கு இடைஞ்சலாம். ரோம வீரன் இங்க நின்னு பார்த்தப்ப நீல நிறக் குழாய் அவன் கண்ணுல படலையாம்."

"கறுப்புக் குழாய்?"

"நிறக் குழு நவம்பர்ல கூடுது, ஐயா."

டிராக்டரில் தொட்டி வைத்துத் தண்ணீர் கொண்டுபோகப் பார்த்தான். பாதை ரோமச் சாலையாக இருக்கக்கூடும் என்பதால் சக்கர வண்டிக்குத் தடை வந்தது. அதே பாதையில் இயக்ககத்தின் மூன்று வண்டிகளும் ஓடின. அவை 'ஆய்வுக் கருவிகள்' என்று பதிவாகியிருந்தன. கழுதை மீது பால் கேன்களைக் கட்டிக்கொண்டு, கீழே ஆற்றிலிருந்து மேட்டுக்கு நடந்தார்கள் செஃபெரினோவும் விசியும். ஒரு மாடு வெயில் நாளில் நாற்பது லிட்டர் குடிக்கும். கழுதை ஒரு நடைக்கு எண்பது லிட்டர் சுமக்கும். மீதிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். கழுதைக்குக்கூடத் தெரிந்திருந்தது, அது பாதி வழியில் நின்று இருவரையும் திரும்பிப் பார்க்கும்.

மாடுகளுக்கும் படிவம் வந்தது. ஒவ்வொரு மாடும் 'தொல்லடுக்கைச் சிதைக்கும் உயிரியல் காரணி' என்று வகைப்படுத்தப்பட்டது. பத்தொன்பது படிவங்களிலும் 'காரணிக்குப் பொறுப்பாளர்' என்ற இடத்தில் செஃபெரினோ கையெழுத்துப் போட வேண்டும். காரணியின் எடை, குளம்பின் அகலம், நாள்தோறும் கடக்கும் தூரம்.

"நாள்தோறும் தண்ணி குடிக்குதான்னு ஒரு கட்டம் இருக்கா பாரு," என்றாள் விசி.

இல்லை.

ஜூலை நடுவில் ஒரு நாள் இட்சியார் அவனைக் கூப்பிட்டு ஒரு தட்டைக் காட்டினாள். தட்டு நிறையத் துருப்பிடித்த ஆணிகள், நூற்று நாற்பத்து மூன்று. ரோம வீரர்களின் செருப்புக்கு அடியில் இப்படித்தான் ஆணி அடித்திருப்பார்களாம். "இதைப் பாருங்க ஐயா. தலையைத் திருப்பினா உள்பக்கம் சின்னதா ஒரு சிலுவை, சுத்திப் புள்ளி. பட்டறை முத்திரை. இதுதான் ரோம ஆணிங்கிறதுக்கு அடையாளம்."

"எத்தனையில இருக்கு?"

"ஆறுல."

"மிச்சத்துல?"

அவள் இல்லை என்று தலையசைத்தாள். செஃபெரினோ தன் மரக்காலணியைக் கழற்றித் திருப்பிப் பிடித்தான். அந்த மலையில் சேற்றுக்கும் பனிக்கும் எல்லோரும் போடுகிற காலணிதான், அடியில் மூன்று குட்டைக் கால்கள் வைத்தது. வழுக்காமல் இருக்க அந்தக் கால்களில் ஆணி அறைந்திருப்பார்கள். மாதத்துக்கு ஒன்றிரண்டு ஆணி கழன்று புல்லில் விழும். திரும்ப அறைந்துகொள்வார்கள். அவன் காலணியில் நாலு ஆணிகள் இருந்தன, மூன்று ஓட்டைகள் இருந்தன. இருந்த நாலும் தட்டில் கிடந்தவையும் அண்ணன் தம்பிகள்.

"அம்மா, இது என்னோடதும்மா."

"எனக்கும் அப்படித்தான் தோணிச்சு," என்றாள் இட்சியார், கூடாரத்து வாசலைப் பார்த்துக்கொண்டே. "நீங்களே வந்து சொல்றீங்களா?"

டோன் லெயாந்த்ரோ பொறுமையாகக் கேட்டார். அறிவாளிகளுக்கே உரிய பொறுமை அது. அடுத்தவன் பேசி முடிக்கிறவரைக்கும் பதிலை மாற்றாமல் வைத்திருப்பது.

"செஃபெரினோ, நீங்க சொல்றது வாய்மொழி வழக்காறு. அதுக்கு வேற பிரிவு. ரெண்டாவது மாடி."

"வழக்காறு இல்லைங்க ஐயா, காலணி."

"அறிவியல் என்ன சொல்லுதுன்னு பாருங்க. முத்திரை உள்ள ஆணி ஆறு. முத்திரை இல்லாத ஆணி நூத்து முப்பத்தேழு. அப்ப இந்த மேட்டுல பெரும்பான்மை யாரு? முத்திரை இல்லாதவங்க! எந்த ஏட்டுலயும் பேர் வராத, எந்தப் பட்டறையையும் சேராத ஒரு படை. வரலாறு மறைச்ச படை. அதை நான் கண்டுபிடிச்சிருக்கேன்."

மேசை மேல் ஒரு வரைபடத்தை விரித்தார். ஆணி கிடைத்த இடங்களையெல்லாம் சிவப்புக் கோட்டால் இணைத்திருந்தார்கள். கோடு செஃபெரினோவின் மலைக்குடிசையில் ஆரம்பித்து ஊற்றுக்குப் போய், தொட்டிக்கு வந்து, ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் போய் முடிந்தது.

"இந்தப் பாறையைக் கவனிங்க," என்றார் டோன் லெயாந்த்ரோ. அவர் குரல் தழைந்தது. "தினமும் விடியற்காலையில ஒரு வீரன் இங்க போயிருக்கான். ஒரே இடத்துல கொஞ்ச நேரம் குந்தியிருக்கான். திரும்பி வந்திருக்கான். வருஷக்கணக்கா, ஒரு நாள் தவறாம! எதிரியை நோட்டம் பார்க்கிற காவல் நிலை. எப்பேர்ப்பட்ட கட்டுப்பாடு!"

செஃபெரினோவின் முகம் காதுவரை சிவந்துபோயிற்று. அவன் வாயைத் திறக்கவில்லை. கேனோடு வாசலில் நின்றிருந்த விசிதான் திறந்தாள்.

"எதிரியைப் பார்க்கப் போகலைங்க ஐயா. முந்தின நாள் தின்ன அவரைக்கொட்டையும் ரத்தத் தொத்திறைச்சியும் கூப்பிட்டிருக்கும்."

டோன் லெயாந்த்ரோ பேனாவை எடுத்தார். 'உணவில் பயறு வகைகள்' என்று எழுதிக்கொண்டார்.

அன்று செஃபெரினோவின் காலணிகளை இயக்ககம் கைப்பற்றியது. 'அறியப்படாத ரோமப் படையின் காலணி மரபு உயிரோடு எஞ்சியிருப்பதற்கு ஒரே சான்று' என்று சீட்டு ஒட்டி, கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். அவன் விசியின் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு மேட்டில் நடந்தான். இரண்டு எண் சின்னது. புதுப் படை கிடைத்துவிட்டதால் ஆய்வு அடுத்த கோடைவரை நீட்டிக்கப்பட்டது. குழாய் மனுவும் கூடவே நீண்டது.

ஆகஸ்ட் முதல் வாரம் நகரத்திலிருந்து பேராசிரியர்கள் வந்தார்கள். பெரிய கூடாரத்தில் டோன் லெயாந்த்ரோ சொற்பொழிவு ஆற்றினார். பக்கத்தில் கண்ணாடி ஜாடி நிறைய ஊற்றுத் தண்ணீர், வெளியே முத்துமுத்தாக வியர்த்து நின்றது. செஃபெரினோ தன் பன்னிரண்டாவது மனுவோடு வாசலில் காத்திருந்தான்.

"எல்லாரும் சண்டையைத் தேடுறாங்க," என்றார் டோன் லெயாந்த்ரோ. "கத்தி எங்க, எலும்பு எங்கன்னு கேக்குறாங்க. நண்பர்களே, இங்க சண்டையே நடக்கல. ரோமர்கள் என்ன செஞ்சாங்க? ஊத்து மேல வந்து உட்கார்ந்தாங்க. அவ்வளவுதான்! மலைக்காரங்களை அடிக்கல, திட்டல. தண்ணியை மட்டும் தங்க பக்கம் திருப்பிக்கிட்டாங்க. ஒரே கோடை. மலைக்காரங்க தாங்களே மாட்டை ஓட்டிக்கிட்டு இறங்கிட்டாங்க. எவ்வளவு நாகரிகமான வெற்றி!"

சொல்லிவிட்டு ஒரு டம்ளர் ஊற்றிக் குடித்தார். பேராசிரியர்கள் கைதட்டினார்கள்.

"கேள்விகள் இருக்கா?"

செஃபெரினோ கையைத் தூக்கினான். "அந்த மலைக்காரங்க வந்து கேட்டாங்களா ஐயா? தண்ணி வேணும்னு?"

டோன் லெயாந்த்ரோ கேள்வியை மதித்தார். சற்று யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "கேட்டிருக்கலாம். ஆனா ஆதாரம் இல்ல. கெஞ்சுறது மண்ணுல தடயம் விடாது, செஃபெரினோ."

அதையும் பேராசிரியர்கள் குறித்துக்கொண்டார்கள். மனுவை வாங்க வேண்டிய குமாஸ்தா சாப்பிடப் போயிருந்தார்.

அந்த வாரம்தான் கலானா செத்தாள். எட்டு மாதச் சினைமாடு. தண்ணீர் வாசனையைத் தேடிக்கொண்டு மேட்டின் வடக்குச் சரிவில், ஆடுகூட இறங்காத இடத்தில் இறங்கியிருக்கிறாள். அடியில் ஓடை சத்தம் கேட்கும். சத்தத்தை நம்பிக் கால் வைத்தவள் பாறையோடு உருண்டுவிட்டாள். செஃபெரினோ போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு உயிர் இருந்தது. நாக்கு வெளியே தள்ளிக் காய்ந்துபோயிருந்தது. அவன் ரப்பர் பூட்ஸைக் கழற்றி, ஓடையில் முக்கித் தண்ணீர் மொண்டு வந்து அவள் வாயில் ஊற்றினான். இரண்டு மடக்கு உள்ளே போயிற்று. மிச்சம் வழிந்துவிட்டது.

அவளைப் புதைக்க வேண்டும் என்றால் தோண்ட வேண்டும். தோண்ட வேண்டும் என்றால் அனுமதி வேண்டும். இட்சியார் கீழே இறங்கி வந்தாள். கையில் படிவம் இருந்தது. 'காரணி எண் ஏழு: செயல்பாடு நிறுத்தம்' என்று அதில் எழுத வேண்டும். அவள் எழுதவில்லை. அழுதாள்.

"நீ அழுவுறதுக்கு ஏதாவது பிரிவு இருக்காம்மா?" என்று கேட்டான் செஃபெரினோ. கேட்டுவிட்டு அவனும் அழுதான். ஐம்பத்து மூன்று வயதில், வெயிலில், வெறுங்காலோடு, வெட்கமில்லாமல் அழுதான். மூன்றாம் நாள் கழுகுகள் அந்தச் சரிவைச் சுத்தம் செய்துவிட்டன. கழுகுகளுக்கு அனுமதி தேவைப்படவில்லை.

அன்று ராத்திரி விசி பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுச் சொன்னாள். "நாளன்னிக்கு இறக்கிடுவோம். வியாபாரிக்குச் சொல்லிட்டேன். லாரி அடிவாரத்துக்கு வந்துடும்."

"எல்லாத்தையுமா?"

"எதை வெச்சுக்கிறது? நீயே சொல்லு, எதை?"



அதே நாள்தான் இயக்ககத்துக்கும் விழா. மேட்டின் அடிவாரத்தில் 'முத்திரை இல்லாத படை நினைவுப் பூங்கா' திறப்பு. அரசாங்கத்திலிருந்து ஆலோசகர் அம்மாள் ஒருவர் வருகிறார். ரோம வீரர்களாக நடிக்க நகரத்திலிருந்து நாற்பது கல்லூரி மாணவர்களைத் தலைக்கவசத்தோடு கூட்டிவந்திருந்தார்கள். தோற்ற மலைக்காரர்களாக நடிக்க ஊர்க்காரர்களைக் கேட்டிருந்தார்கள். புல் அறுக்கும் வேலை இருக்கிறது என்று ஒருவரும் வரவில்லை. தோற்பவர்கள் இல்லாமல் எப்படி ஜெயிப்பது என்று டோன் லெயாந்த்ரோ காலையிலிருந்து கவலையாக இருந்தார்.

பன்னிரண்டு மணிக்கு அவர் ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தார். "அன்று அந்த மக்கள், ஒரு வாள்வீச்சும் இல்லாமல், தங்கள் கால்நடைகளோடு இதே சரிவில் இறங்கி வந்தார்கள்..."

சரிவில் மணிச்சத்தம் கேட்டது. எல்லோரும் திரும்பினார்கள். புழுதிக்குள்ளிருந்து முதலில் கொம்புகள் வந்தன, பிறகு விலா எலும்பு எண்ணக்கூடிய பதினெட்டு மாடுகள், பிறகு முழங்காலுக்குக் கீழே ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு ஆள், அவனுக்குப் பின்னால் கழுதையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண். ஆள் தலையைக் குனிந்துகொண்டு நடந்தான். மாணவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் ஈட்டியை நிமிர்த்தி இரு பக்கமும் ஒதுங்கி நின்றார்கள். நடுவே வழி உண்டாயிற்று. அதில் மாடுகள் நடந்தன.

ஆலோசகர் அம்மாள் முதலில் கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

"அற்புதம் டோன் லெயாந்த்ரோ! அந்த மெலிவு, அந்த முகம்! இவங்களை எங்க பிடிச்சீங்க?"

டோன் லெயாந்த்ரோ ஒரு கணம்தான் தடுமாறினார். "உள்ளூர்க்காரங்க, அம்மா. ரொம்ப நாளா தயார்ப்படுத்திக்கிட்டிருந்தோம்."

இட்சியார் பந்தலின் ஓரத்தில் நின்றிருந்தாள். அவள் கை தட்டவில்லை. வேறு ஒன்றும் செய்யவும் இல்லை.

அடிவாரத்தில் லாரி கதவு திறந்து கிடந்தது. செஃபெரினோ முதல் மாட்டின் கழுத்து மணியை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது ஒரு புகைப்படக்காரன் ஓடி வந்தான்.

"அண்ணே, வெளிச்சம் சரியா விழலை. இன்னொரு தடவை மேல போயிட்டு இறங்கி வர முடியுமா?"

செஃபெரினோ அவனை நிமிர்ந்து பார்த்தான். "மேல தண்ணி இருக்கா?"

"படத்துக்குத் தண்ணி எதுக்குண்ணே?"

டோன் லெயாந்த்ரோவும் ஒலிபெருக்கியோடு வந்துவிட்டார். முகமெல்லாம் சந்தோஷம். "செஃபெரினோ, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. என் ஆய்வுக்கு இதைவிட நிரூபணம் வேணுமா? நான் எழுதின மாதிரியே, வரி வரியா..."

விசி கழுதையின் கயிற்றைப் புருஷன் கையில் கொடுத்தாள். டோன் லெயாந்த்ரோவின் முன்னால் வந்து நின்றாள். ஒலிபெருக்கி அவர் கையில் திறந்தபடியே இருந்ததால் அவள் சொன்னது பந்தல் முழுக்கக் கேட்டது.

"ரோமாக்காரன் கொள்ளைக்காரன்தான் ஐயா. ஆனா, எங்காளுங்க இறங்கி வந்தப்ப அவன்கூடக் கை தட்டியிருக்க மாட்டான்."

பின்வரிசையில் யாரோ இதையும் வசனம் என்று நினைத்துத் தட்ட ஆரம்பித்தார். மற்றவர்களும் எழுந்து நின்று தட்டினார்கள்.